ஐந்நூறு வருஷமெல்லாம் நேற்று

டோல்கீனின் மிடில் எர்த்தில் யாரிடம் வேண்டுமானாலும் வழி கேளுங்கள். மூத்த எல்ஃபிடம் மட்டும் கேட்காதீர்கள். "அந்தப் பெரிய ஓக் மரத்துக்கு வலப்பக்கம் திரும்பு" என்பார். மரம் பட்டுப்போய் நாலு தலைமுறை ஆகியிருக்கும். பொய்யில்லை, போன தடவை அவர் வந்தபோது இருந்தது.

வயசாகிச் சாகிற வழக்கம் அவர் இனத்தில் கிடையாது. வெட்டினால் சாவார், துக்கம் தாளாமல் சாவார். மற்றபடி இருந்துகொண்டே இருப்பார். நம் 144 வருஷம் சேர்ந்தால்தான் அவர் கணக்கில் ஒரு 'யேன்'. ரோஹன் நாட்டின் பொன் மண்டபம் கட்டி 500 வருஷம் ஆனது என்ற பேச்சு வந்தபோது, எங்களுக்கு அது கொஞ்ச காலம்தான் என்று சொல்லிவிட்டான் லெகோலஸ் என்ற எல்ஃப்.

இப்படிப்பட்டவரைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னால்? மூன்றாம் யுகம் 3018, ரிவென்டெல். எதிரி நெருங்குகிறான், அவனுடைய மந்திர மோதிரத்தை என்ன செய்வது என்று உடனே முடிவாக வேண்டும். அங்கே தலைவரான எல்ராண்ட் பேச்சை எடுத்தார்; மோதிரம் செய்த காலத்திலிருந்து எடுத்தார். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய போரை, தானே அங்கே நின்றதாகச் சொல்ல, குட்டை மனிதர்களான ஹாபிட் இனத்து ஃப்ரோடோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடைமறித்து "சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்று யார் சொல்வது? கண்ணால் பார்த்த சாட்சியாயிற்றே!

மாமனாராகவும் அவர் தனி ரகம். கொண்டோர், ஆர்னோர் இரண்டுக்கும் ராஜா ஆனால்தான் பெண் என்று மனிதனான ஆரகார்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார். மகள் ஆர்வென் சம்மதித்தபோது மாப்பிள்ளைக்கு 49, கல்யாணத்தன்று 88. பெண்ணுக்கு 2,778. இந்த 39 வருஷத் தாமதம் மாமனாருக்குப் பந்திக்கு இலை போடும் நேரம்தான்.

எல்ஃபாவது தேவலை. மரம் மேய்க்கும் என்ட்களைப் பாருங்கள். மந்திரவாதி சாருமான் காட்டை வெட்டிச் சாய்க்கிறான், இவர்கள் மூன்று நாள் கூட்டம் போடுகிறார்கள். முடிவெடுக்க அவ்வளவு நேரம் ஆகாது; அதற்கு முன் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி முடிக்க வேண்டுமே! அவர்களில் பிரெகலாட் என்பவருக்கு அவசரக்காரர் என்று பெயர். எப்போதோ ஒரு பெரியவர் கேள்வியை முடிப்பதற்குள் "ஆமாம்" என்று சொல்லித் தொலைத்தாராம். தண்ணீரும் கொஞ்சம் வேகமாகக் குடிப்பார். இந்தக் கூட்டத்திலும் அவர் சீக்கிரமே முடிவுக்கு வந்துவிட, அப்படிப்பட்டவருக்கு இங்கே என்ன வேலை என்று இரண்டு ஹாபிட்களுக்குத் துணையாக வெளியே அனுப்பிவிட்டார்கள்.