பாட்டன் பேரைத் தேடிக் கெளம்பின பேராண்டிக்கு

வா கண்ணு, குந்து. தோள்ல லேப்டாப்பு, கழுத்துல கேமரா, கையில ஃபைலு. பாட்டன் பேரத் தேட வந்தியா, இல்ல பாட்டன ஜாமீன்ல எடுக்க வந்தியா? "ஏழு தலமொறையக் கண்டுபுடிச்சு ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டணும் தாத்தா"ன்ற. பேஷா மாட்டு, ஆணி நான் வாங்கித் தரேன். ஏழு இருக்கட்டும், மூணு சொல்லு பாப்போம். அப்பா பேரு சொல்லிட்ட. தாத்தா பேரும் சொல்லிட்ட. தாத்தாவப் பெத்த ஆயா பேரு இன்னா? பாத்தியா, ஃபேனப் பாக்குற. அந்தப் பேரு ஃபேன்ல எழுதல ராஜா.

உங்க வூட்டுல ஒரு கத ஓடிக்கினு கீது, எனக்குத் தெரியும். முப்பாட்டன் கப்பல் கேப்டன், வெள்ளக்காரன் கையால தொப்பி வாங்குனவன்னு உங்க பெரியப்பன் கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லுவான். போன கல்யாணத்துல அந்த கேப்டனுக்கு ரெண்டு கப்பல் ஆயிடுச்சு. அடுத்த கல்யாணத்துக்குள்ள நீ போயி பாத்துட்டு வந்துடறது நல்லதுதான்.

ராயபுரத்து ஜனத்துல கப்பல ஓட்டுனவன் கொறச்சல் கண்ணு. கப்பல்ல வந்தவனத் தூக்கிக் கரையில வெச்சவன்தான் ஜாஸ்தி. மெட்ராசுக்கு ஹார்பரே இல்லாத காலம். கப்பல் ஆழத்துல நங்கூரம் போட்டு நிக்கும், இங்கேர்ந்து மசூலா போட்டு போவும். பலகைக்கு ஒரு ஆணி கெடையாது, பூரா கயித்தால தெச்சது. ஆணி அடிச்ச போட்டு நம்ப அலையில பொளந்துக்கும், தெச்ச போட்டு வளஞ்சு குடுக்கும். கவர்னரா வந்தவனும் அதுலதான் நனஞ்சுக்கினு எறங்குனான். அந்தப் போட்டு வலிச்ச ஜனம் காசு சேத்துக் கட்டுனதுதான் ராயப்பர் கோயிலு. ஊருக்கே அவரு பேருதான். இத்த ஃபிரேம்ல போட வெக்கமா இருந்தா இப்பவே சொல்லிடு, பஸ் காசாவது மிஞ்சும்.

வெக்கம் இல்லன்னா ஒண்ணு கேட்டுக்கோ. எந்த ரிஜிஸ்டரும் நீ வந்து படிப்பன்னு எழுதல. சாமியார் எழுதுனது ஆத்துமாவக் கணக்கு வெக்க. சென்சஸ்காரன் எழுதுனது தலைய எண்ண. கூலிக்கு ஆள் ஏத்துனவன் எழுதுனது, ஓடிப்போனா புடிக்க. கம்பெனிக்காரன் எழுதுனது, நீ செத்தா துட்டு யாருக்குன்னு தெரிஞ்சிக்க. எவன் எதுக்கு எழுதுனான்னு புரிஞ்சிக்கினா, அதுல இன்னா கெடைக்கும் கெடைக்காதுன்னு உனக்கே தெரிஞ்சிடும்.

கோட்டைக்குள்ள செயின்ட் மேரீஸ் கோயில் கீதே, நீ அங்க போயி நிக்கப் போறன்னு உங்கம்மா சொன்னா. போ, பாக்க லட்சணமான கோயிலு. 1680-ல தெறந்தாங்க. அந்த வருசமே எலிஹு யேல்னு ஒரு கம்பெனி உத்தியோகஸ்தன் அங்க கல்யாணம் கட்டுனான். அப்பறம் கவர்னர் ஆனான், அமெரிக்காவுல அவன் பேர்ல யூனிவர்சிட்டியே நடக்குது. 1753-ல ராபர்ட் கிளைவுக்கும் அங்கதான் கல்யாணம். இந்த மாதிரி கோயில் ஏடுங்களுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்புவாங்க, இன்னிக்கும் பிரிட்டிஷ் லைப்ரரில பத்திரமா கீது. 1856-ல ராயபுரம் ஸ்டேஷன் தெறந்த பின்னாடி இங்க வந்து ரயில்வேல வேல செஞ்ச ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்காரன் அந்த நகல்ல தேடுனா நல்லாவே கெடைக்கும். உனக்கு? கிளைவு எறங்குன போட்ட வலிச்சவன் பேரு அந்த ஏட்டுல வராதுப்பா.

அடுத்தது சென்சஸ். எழும்பூர் ஆவணக் காப்பகத்துல போயி, "1881 சென்சஸ்ல எங்க பாட்டன் பேரக் காட்டுங்க"ன்னு மட்டும் கேட்டுடாதே. மெட்ராஸ் மாகாணத்துல 1871-ல எண்ணுனாங்க. இந்தியா பூரா ஒரே சமயத்துல எண்ணுனது 1881-ல. அச்சடிச்ச புக்குங்க தடிதடியா கெடைக்கும். பட்டணத்துல ஏறக்கொறைய நாலு லட்சம் ஜனம்னு இருக்கும். எந்த ஜாதி எவ்ளோ, எந்தத் தொழிலு எவ்ளோ, கண்ணு தெரியாதவன் எத்தினி, புருசன் இல்லாதவ எத்தினி, எல்லாம் இருக்கும். பேரு இருக்காது. வூடு வூடா எழுதுன தாள, கூட்டிக் கழிச்சு முடிஞ்சதும் அவன் வெச்சிக்கல. அப்பறம் 1948-ல வந்த சென்சஸ் சட்டத்துல 15-ஆம் பிரிவுல, எவனும் அந்தத் தாளப் பொரட்டிப் பாக்கக் கூடாதுன்னே எழுதிட்டாங்க. வர்ற 2027 கணக்கெடுப்புக்கும் அதே சட்டந்தான். இங்கிலாந்துல நூறு வருசம் ஆனா தெறந்து வுடுவான், 1921-ல எழுதுனத 2022 ஜனவரில தெறந்தான். அவுங்க ஊர் சினிமாவப் பாத்துட்டு இங்க வந்து கேட்டா எப்பிடி?

தாளே கெடைச்சாலும் இன்னா வாழ்ந்துச்சு? வயசு கேட்டா நம்ப ஜனம் நாப்பதும்பான், இல்லன்னா நாப்பத்தஞ்சும்பான். நாப்பத்தி மூணுன்னு ஒருத்தன் சொன்னா அவன் பொய் சொல்றான்னு அர்த்தம். பழைய சென்சஸ் கணக்க எடுத்துப் பாரு, சைபர்லயும் அஞ்சுலயும் முடியற வயசுல ஜனம் குமிஞ்சு கெடக்கும். எங்க ஆத்தாளுக்கு வயசு கேட்டா, "எம்டன் குண்டு போட்டப்ப நான் கைக்கொழந்த"ம்பா. அது சுத்தமான கணக்கு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ற ஜெர்மன் கப்பல் சுட்டு ஹார்பர் பக்கம் எண்ணெ டாங்கி எரிஞ்சது. எந்த கிளார்க்கு போட்ட தேதியவும் விட நான் அத்த நம்புவேன். புருசன் பேரக் கேட்டா மட்டும் வாயத் தெறக்க மாட்டா, கதவுக்குப் பின்னாடி போயிடுவா. அந்தக் காலத்துல கணக்கெடுக்க வந்தவன் பக்கத்து வூட்டுல கேட்டு எழுதிக்கினுதான் போவான்.

சரி, உனக்குச் சோறு போடற எடத்துக்கு வரேன். கோயில் ஆபீசு. 1563-ல திரெந்துன்னு ஒரு எடத்துல கத்தோலிக்கச் சங்கம் கூடி, ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் ரிஜிஸ்டர் வெக்கச் சொன்னாங்க. அதனாலதான் போட்டு வலிச்சவன் பேரும் மையில ஏறிச்சு. ஞாயித்துக்கெழம பூசைக்கு அப்பறம் போயி பங்குச் சாமியாரப் புடிக்காதே, அவருக்கு அன்னிக்கு நூறு பஞ்சாயத்து. வார நாள்ல போ. எச்சி தொட்டுப் பக்கம் பொரட்டாதே. கடக்காத்துல அந்தக் காயிதம் அப்பளமா ஆயிருக்கும், நீ தொட்டா ஓரம் உன் கையோட வந்துடும். கேக்காம ஃபோட்டோ எடுக்காதே. "எங்க தாத்தா இந்தப் பங்குல பொறந்தாரு"ன்னு மொட்டையா சொல்லாதே, உத்தேசமா ஒரு அஞ்சு வருசம் சொல்லு. அவரும் மனுசந்தான்.

பேரு எழுதியிருக்கறது லத்தீன்ல. பெத்ருஸ்னு இருந்தா நம்ப ராயப்பன். பவுலுஸ்னா சின்னப்பன். யோசேபுஸ்னா சூச. அந்திரேயாஸ்னு பாத்துட்டு எவனோ வெள்ளக்காரன்னு தாண்டிப் போயிடாதே, அவன்தான் உங்க பெலவேந்திரன். அப்பறம் இன்னொரு பேஜாரு. நம்மளுக்குக் குடும்பப் பேரு கெடையாது. பாட்டன் பேரப் பேரனுக்கு வெப்போம். ராயப்பன் மகன் அந்தோணி, அந்தோணி மகன் ராயப்பன், திரும்ப அந்தோணி. ஒரே தெருவுல ஒரே வருசத்துல ராயப்பன் மகன் அந்தோணி மூணு பேர் இருப்பான். அதுல எவன் உங்காளுன்னு நீதான் முடிவு பண்ணணும்.

எப்பிடி முடிவு பண்ணுவ? ஞானத்தாய் ஞானத்தகப்பன் பேரப் பாரு. தாய்மாமனோ சித்தியோ, நெருங்குன சொந்தத்ததான் நிக்க வெப்பாங்க. அப்பா பேரு மூணு வூட்டுல ஒத்துப்போவும், மாமன் பேரு மூணு வூட்டுலயும் ஒத்துப்போவாது. கல்யாண ரிஜிஸ்டர்ல இன்னும் ருசி. நம்ப ஆளு அத்த மகளக் கட்டுவான், அக்கா மகளையே கட்டுவான். கோயில் சட்டம் ரத்த சொந்தத்துல கட்டக் கூடாதுங்கும். கட்டணும்னா மேல எழுதி விதிவிலக்கு வாங்கணும். விதிவிலக்கு வாங்குன சேதியும் எந்த மாதிரி சொந்தம்ங்கறதும் எழுத்துல ஏறும். மொறப்பொண்ணு மேல ஆசப்பட்ட பாட்டன், நூறு வருசம் கழிச்சு உனக்கு வம்சாவளி வரஞ்சு குடுத்துட்டுப் போயிருக்கான், பாத்துக்கோ.

ஓரத்துல, மார்ஜின்ல, பொடி எழுத்துல ஏதாவது கீதான்னும் பாரு. 1908-க்கு அப்பறம், ஒருத்தன் எங்க கல்யாணம் கட்டுனாலும் அவன் ஞானஸ்நானம் வாங்குன கோயிலுக்கு சேதி சொல்லி, அந்தப் பேருக்குப் பக்கத்துலயே குறிக்கணும்னு ரோமாபுரி உத்தரவு. ராயபுரத்துல தண்ணி ஊத்துன புள்ளைக்குப் பக்கத்துல ரங்கூன்னு எழுதியிருந்தா, உங்க குடும்பத்துல எவனும் பேசாத ஒரு பெரியதாத்தா கெடைச்சான்னு வெச்சிக்கோ. அவன் வழி ஜனம் பின்னாடி பர்மாவுலேர்ந்து தொரத்தப்பட்டு எண்ணூர் பக்கம் வந்து அத்தோ கட போட்டிருந்தாலும் போட்டிருக்கும். நீ போன வாரம் மொளகாப் பொடி கம்மின்னு அவன்கிட்டயே சண்ட போட்டிருப்ப.

ராயபுரத்து கோயில்ல கெடைக்கலன்னு அழுதுக்கினு வந்துடாதே. மெட்ராசுல 1952 வரைக்கும் கத்தோலிக்கருக்கு ரெண்டு மேற்றாசனம். மயிலாப்பூர் போர்ச்சுகீசியர் வழி, மெட்ராஸ் ரோமாபுரி வழி. பிஷப்புங்களுக்குள்ள அடிச்சிக்கினாங்கன்னா நம்ப ஜனம் சும்மா இருக்குமா? கோவிச்சிக்கினு புள்ளையத் தூக்கிக்கினு அடுத்த கோயிலுக்குப் போயிடும். அதனால பக்கத்துப் பங்கையும் பாரு.

கேப்டன்னு உங்க பெரியப்பன் சொல்றானே, கப்பல்ல போனவனும் நம்ப பக்கம் உண்டு. 1860 அக்டோபர்ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோன்னு கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஆளுங்கள ஏத்திக்கினு தென்னாப்பிரிக்காவுல கீற நேட்டாலுக்குப் போச்சு. அங்க அவுங்களுக்கு நம்பர் போட்டு எழுதுன லிஸ்ட்டு இன்னும் பத்திரமா கீது. அப்பன் பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், ஒடம்புல எங்க தழும்பு, எல்லாம். கோயில்ல கூட தழும்ப எழுத மாட்டாங்க. ஓடிப்போனா அடையாளம் வேணுமே, அதுக்குத்தான். அந்த வழியில வந்தவன் டர்பன்லேர்ந்து காயிதத்தோட வர்றான். கிராமத்துப் பேர கிளார்க்கு காதுல வுழுந்த மாதிரி எழுதியிருப்பான், அந்த எழுத்த வெச்சிக்கினு ஊரத் தேடறதே ஒரு பெரிய வேல. ஆனா ஒண்ணு, உங்க பெரியப்பனுக்கு இல்லாத ஆதாரம் அவன் பையில கீது.

கோயில் ரிஜிஸ்டர் இல்லாத ஜனம் இன்னா பண்ணும்னு உன் சினேகிதன் கேட்டான், திருவொத்தியூர் பையன். தியாகராஜர் கோயில்ல சோழன் காலத்துக் கல்வெட்டு நெறைய கீதுன்னு ஆசயா சொன்னான். கீதுடா, ஆனா அதுல எழுதியிருக்கறது வெளக்குக்கு ஆடு குடுத்தவன், நெலம் குடுத்தவன் பேரு. உங்க தாத்தா எதுவும் குடுத்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லன்னேன். கிரயப் பத்திரத்தப் பாருன்னு சொல்லி அனுப்புனேன். ரெண்டு செண்டு வாங்குனவனும் இன்னார் குமாரர் இன்னார்னு எழுதித்தான் ஆவணும். அப்பறம் வூட்டுல டிரங்குப் பொட்டியத் தெற. விம்கோவுலயோ என்ஃபீல்டுலயோ லேலண்டுலயோ ஹார்பர்லயோ வேல பாத்த மனுசன் பி.எஃப். நாமினேஷன்ல யாரு பேரு எழுதுனாருன்னு பாரு. பங்காளிகிட்ட மறச்சது எல்லாம் அதுல தெரியும். பள்ளிக்கூட டி.சி.ய மட்டும் நம்பாதே. நம்ப தெருவுல பாதிப் பேரு ஜூன் மாசம் பொறந்தவன். எல்லாம் ஸ்கூல்ல சேக்க ஹெட்மாஸ்டர் பாத்துப் போட்ட தேதி.

இவ்ளோ தூரம் எதுக்கு? 2025 நவம்பர்ல ஓட்டர் லிஸ்ட்ட திருத்தறோம்னு வந்து, பழைய லிஸ்ட்டுல நீயோ உன் அப்பன் ஆத்தாளோ எங்கன்னு கேட்டப்ப தெரு பூரா ராத்திரி முழிச்சிக்கினு ஃபோன நோண்டிச்சே. இருவது வருசத்துக்கு முந்தி உசுரோட இருந்த அப்பன் பேரையே எழுத்துப்பிழையோடதான் கண்டுபுடிச்ச. நூத்தம்பது வருசத்துக்கு முந்தினவனத் தேடறப்ப கொஞ்சம் அடக்கமா போ.

அடக்க ரிஜிஸ்டரப் பாக்கறப்ப மட்டும் வெளாட்டு வேணாம். ஒரே ஆத்தா பேருக்கு நேரா, வரிசையா கொழந்த கொழந்தயா எழுதியிருக்கும். எட்டு பெத்து மூணு தங்குன காலம். கேப்டனத் தேடி வந்த நீ அவளத் தாண்டிப் பக்கத்தப் பொரட்டிடாதே, பேர எழுதிக்கோ. ரெண்டாம் சம்சாரம் வரும், வேற ஊரு வரும், வேற ஜாதியும் வரும். வந்தா வந்ததுன்னு எழுது. பெரியப்பன் மொகத்தப் பாத்துக்கினு அழிக்காதே.

இது எல்லாத்துக்கும் முன்னாடி எண்ணூர் தாழங்குப்பத்துக்குப் போ. உங்க பெரியத்த அங்க கீறா, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கத்தி. எந்த மாமன் யாருக்கு ஞானத்தகப்பன்னு அவளக் கேட்டுக்கினு அப்பறம் கோயில் ஆபீசுக்குப் போனா பாதி வேல முடிஞ்சிது. வெத்தல பாக்கு வாங்கிக்கினு போ. கேமராவப் பையில வை, போட்ட சோத்தத் துன்னு முடி, அதுக்கப்பறம் கேளு. அடுத்த மாசம் லீவுல பாத்துக்கலாம்னு சொல்லாதே, இந்த ஞாயித்துக்கெழமயே போயிடு.