ரெண்டு ரசீது

2025 மே 16, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. ஒன்பது ஐந்துக்கு என் மகள் 478 மார்க் என்று தெரிந்தது. ஒன்பது பத்துக்கு நான் கல்வியாளன் ஆகிவிட்டேன்.

அதுவரை வீட்டில் என் வசம் இருந்த இலாகாக்கள் மூன்று: கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார், மீன். மூன்றாவதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கிவந்த விளமீனை மனைவி செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் பூனைக்கு வைத்த நாளோடு போயிற்று. பூனையும் யோசித்துத்தான் தின்றது.

"இவளை எங்கங்க சேக்கப் போறோம்?" என்றாள் மனைவி.

"விசாரிப்போம்" என்றேன். அந்த ஒரு சொல்லில்தான் சனி உள்ளே வந்தது.

விசாரிப்பு முடிந்தபோது இரண்டு பள்ளிகள் நின்றன. ஒன்று தூத்துக்குடி ஊருக்குள், ரெண்டாம் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகவேண்டிய பழைய பள்ளி. சுவர் இரண்டடி கனம், வாசலில் வேப்பமரம். இன்னொன்று பைபாஸுக்கு அந்தப்பக்கம், கண்ணாடி முகப்பும் ஏசி பஸ்ஸுமாகப் புதுப் பள்ளி. பிளஸ் ஒன் முதல் நாளே நீட் பயிற்சியும் சேர்த்து ஊட்டிவிடுவார்கள். இரண்டிலும் முதல் குரூப்புக்கு மார்க் வேண்டும். 450-க்குக் கீழே போனால் இரண்டிலும் முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லை. என் அப்பா காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. பள்ளி முடிந்தால் பி.யு.சி., அதற்கு 1951-இல் தொடங்கிய வ.உ.சி. கல்லூரி இருந்தது. 1978-இல் பிளஸ் ஒன் வந்தது. அப்பாக்களுக்கு இரண்டு வருஷ வேலை கூடிவிட்டது.

நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் இருக்கிறேன். கண்டெய்னரைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிச் சோறு தின்பவன். எனவே எக்செல் ஷீட் போட்டேன். தேர்ச்சி விகிதம், கட்-ஆஃப், ஆய்வகம், தூரம், கேட் பூட்டிக் கிடக்கும் நிமிஷம் என்று பதினான்கு வரிசை. பதினைந்தாவதாக "பாத்ரூம்ல தண்ணி வருதா" என்று மனைவி சேர்த்தாள். அந்த ஒன்றுக்கு மட்டும் நேரில் போய்ப் பார்த்துப் பதில் எழுத வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் வீட்டிலிருந்தே இட்டுக்கட்டியவை. கூட்டிப் பார்த்ததில் பழைய பள்ளி ஜெயித்தது. தூரத்துக்கான மதிப்பெண்ணைக் கொஞ்சம் குறைத்தேன். அப்போதும் ஜெயித்தது. ஆய்வகத்தை ஏற்றினேன். நாலாவது திருத்தத்தில் புதுப் பள்ளி வந்ததும் "கணக்குன்னா கணக்குதான்" என்று சொல்லிக் கம்ப்யூட்டரை மூடினேன். புதுப் பள்ளியில் பெற்றோர் காத்திருக்கும் அறையிலும் ஏசி என்பதை ஷீட்டில் எங்கும் எழுதவில்லை.

முத்துக்குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை மேலே வள்ளத்தில் பிடித்திருப்பவன் அவன் மச்சினனாகத்தான் இருக்கவேண்டும் என்று எங்கள் கடற்கரையில் சொல்வார்கள். உடன்பிறந்தவள் தாலி அவன் கையில் இருக்கிறதே, கயிற்றை விடமாட்டான் என்று கணக்கு. என் கயிறும் மச்சினன் கையில்தான். ஆனால் அவன் இருப்பது வேளச்சேரியில், பிடித்திருப்பது வாட்ஸ்அப்பில். "அத்தான், இன்னிக்குள்ள சீட்டப் போடுங்க", "அத்தான், நீட் இல்லாத ஸ்கூல்லாம் ஒரு ஸ்கூலா?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இழுத்தான். குளிக்கிறவன் இழுத்தால்தான் மேலே இருப்பவன் தூக்கவேண்டும். இங்கே மேலே இருப்பவனே இழுத்துக்கொண்டிருந்தான். நான் இன்னும் தண்ணீரிலேயே இறங்கவில்லை.

என் அம்மா ஊஞ்சலில் இருந்தபடி, "எய்யா, ஒங்க தாத்தா சிப்பி எடுத்த மாதிரி எடுத்துராத" என்றாள். வீட்டில் இரண்டு தலைமுறையாக ஓடும் கதை அது. 1955 முதல் 1961 வரை இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. அதுதான் கடைசி, அதன்பிறகு கடலடிப் பார்களில் சிப்பி அந்த அளவுக்கு விளையவில்லை. கரைக்கு வந்த சிப்பியில் குளித்தவர் பங்கு போக, அரசுப் பங்கை ஆயிரம் இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். அதில்தான் சூட்சுமம்: சிப்பி வாயைத் திறந்திருக்காது. உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்று ஏலம் கேட்பவனுக்கும் தெரியாது, விடுபவனுக்கும் தெரியாது. பக்கத்தில் நிற்கிறவன் ஏற்றிக் கேட்டால் நாமும் ஏற்றிக் கேட்கவேண்டியது. தாத்தா அப்படிப் பாட்டியின் வளையலை அடகு வைத்து ஆயிரம் சிப்பி எடுத்துவந்தார். சிப்பியை உடைத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. அழுகவிட்டு, சதை கரைந்தபின் அலசித் தேடவேண்டும். வீட்டுப் பின்கட்டில் அழுகவிட்டார். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து சண்டை போட்டது. கடைசியில் அலசியதில் கிடைத்தது ஒரு தேக்கரண்டி தூள்முத்து. நாட்டு வைத்தியர் பற்பம் போட வாங்கிக்கொண்டார். வளையல் திரும்பவில்லை.

"இது படிப்பும்மா, சூதாட்டமில்ல" என்றேன் அம்மாவிடம்.

"அவரும் யாவாரம்னுதான் சொன்னாரு."

புதுப் பள்ளிக்குப் போனோம். சுற்றுச்சுவர் நெடுக ஃபிளெக்ஸ். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஃபிளெக்ஸ் அடிக்கிறவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வேதியியலில் முதல், தாவரவியலில் முதல், சென்டரில் முதல், பஸ் ரூட்டில் முதல் என்று எண்ணி நாற்பத்து மூன்று முதல்கள். ஒரே பிள்ளை கண்ணாடியோடு ஒரு தரமும் இல்லாமல் ஒரு தரமும் இருந்ததாக மகள் சொன்னாள். நான் பார்க்கவில்லை, ஏசி காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு நுழைவுத்தேர்வு, எங்களுக்கு நேர்காணல். "ராத்திரி பத்து மணிக்கு மேல ஃபாதர் என்ன பண்ணுவீங்க?" என்று கோட்டுப் போட்ட அம்மையார் கேட்டார். "தூங்குவேன் மேடம்." குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். விண்ணப்பத்தில் தந்தையின் பிளஸ் டூ மார்க் ஷீட் நகல் கேட்டிருந்தார்கள். பரணிலிருந்து அதை எடுத்தவள் மகள்; அதனால் வீடே படித்தது. இயற்பியல், 200-க்கு 71. அந்தக் காலத்தில் 70 வாங்கினால் பாஸ்.

"எதுக்குப்பா ஒரு மார்க் கூடுதலா எடுத்த?" என்றாள்.

மனைவிக்கு வேறு கேள்வி இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று 171 என்று சொல்லியிருக்கிறேனாம். பத்தொன்பது வருஷம் கழித்து முன்னாலிருந்த அந்த ஒன்றைத் தேடி எங்கே போவேன்!

பழைய பள்ளியில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அங்கே என் தவிப்பைப் பார்த்த ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வேறு யாருக்கோ சிபாரிசுக்கு வந்தவர், எனக்கு ஆறுதல் சொன்னார்: "வ.உ.சி.யே ரெண்டு பள்ளிக்கூடம் பாத்தவருதாம்ல. ஒட்டப்பிடாரத்துலேர்ந்து வந்து இங்கன சேவியர்லயும் படிச்சாரு, கால்டுவெல்லயும் படிச்சாரு. அப்புறம் திருநவேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கூடம். 1906-ல கப்பல் கம்பெனி ஆரம்பிக்கயில எந்த ஸ்கூலுன்னு எந்த வெள்ளைக்காரன் கேட்டான்?" நியாயம்தான். ஆனால் வ.உ.சி.யின் அப்பா உலகநாத பிள்ளைக்கு வேளச்சேரியில் மச்சினன் இல்லை.

தலைமையாசிரியை என்னைப் பார்க்கவே இல்லை. மகளிடம் கேட்டார்: "என்னம்மா படிக்கணும்?"

"மீன்."

நான் சிரித்து, "நீட்டுன்னு சொல்ல வாறா மேடம்" என்று திருத்தினேன். அவள் விடவில்லை. நம் ஊரிலேயே 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறதாம். பி.எஃப்.எஸ்சி. என்று நாலு வருஷப் படிப்பாம். நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்ப்பார்களாம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் 1973-இல் இதே தூத்துக்குடியில்தான் சிப்பிக்குள் சின்ன மணியை வைத்து முத்து விளைய வைத்தார்களாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்பதல்ல. கல்லூரிப் போர்டை நூறு தடவை கடந்திருக்கிறேன். என் பதினைந்து வரிசையில் "பிள்ளைக்கு என்ன ஆசை" என்ற வரிசைதான் இல்லை.

"ஏம்மா மீன்?" என்றார் தலைமையாசிரியை.

"எங்க அப்பா வாங்கிட்டு வர்ற மீன் நல்லதா கெட்டதான்னு சொல்ல வீட்ல ஒரு ஆள் வேணும் மிஸ்."

லிஸ்ட் திங்கட்கிழமை ஒட்டுவோம் என்றார்கள். திங்கட்கிழமை வரை எப்படிப் பொறுப்பது? துறைமுகத்தில் கண்டெய்னரை இலவச நாளைத் தாண்டி ஒரு நாள் போட்டுவைத்தால் டெமரேஜ் ஏறும். சனிக்கிழமை மத்தியானம் மச்சினன் கடைசியாக ஒரு இழு இழுத்தான்: "அத்தான், நாலே சீட்டு." யாரிடமும் சொல்லாமல் போய்ப் புதுப் பள்ளியில் முன்பணம் கட்டினேன். ரசீதின் அடியில் எறும்பு எழுத்தில், செலுத்திய தொகை திருப்பித் தரப்படமாட்டாது. நான் இறக்குமதிக் காகிதங்களின் எறும்பு எழுத்தைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவன் என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்பவில்லை.

திங்கட்கிழமை பழைய பள்ளி லிஸ்டில் மகள் பெயர் பதினொன்றாவது. மனைவி அங்கேயே, அப்போதே பணத்தைக் கட்டிவிட்டாள். தொகையைப் பார்த்து ஒரு சைபரை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையிலிருந்த ரசீதையும் எடுத்தாள்.

வ.உ.சி. இரண்டு பள்ளியிலும் படித்தார். நான் இரண்டு பள்ளியிலும் பணம் கட்டினேன்.

ஆகஸ்டில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வே அந்தக் கல்வியாண்டிலிருந்து கிடையாது என்று அரசு அறிவித்தது. என் ஷீட்டில் தேர்ச்சி விகித வரிசையில் பாதி அதோடு போயிற்று. அம்மா மட்டும், வீடு நாறவில்லையே, தாத்தாவுக்கு நீ தேவலை என்றாள்.

புதுப் பள்ளியில் பணம் வராது, ஆனால் அதில் அடங்கிய பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். ஒரு முதுகுப் பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு குடை. மூன்றிலும் தங்க எழுத்தில் 'எதிர்கால டாக்டர்' என்று அடித்திருக்கிறது. மகள் தொடமாட்டேன் என்றுவிட்டாள். அவ்வளவு விலை கொடுத்த பையைச் சும்மா போட மனசு வரவில்லை. நான்தான் ஆபீசுக்கு மாட்டிக்கொண்டு போகிறேன். துறைமுக வாசலில் சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் பையைப் பார்ப்பார்கள். முதல் வாரம் தயிர்சாத டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார்கள். இப்போது "டாக்டர் சாப்" என்று வழிவிடுகிறார்கள். முந்தாநாள் ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, ராத்திரி டூட்டி நின்றால் இடுப்பு வலிக்கிறது, என்ன மாத்திரை போடலாம் என்றார்.

விசாரிப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.