டிகிரி அண்ணன்

எல்லா நண்பர் குழாமிலும் இவர் ஒருவர் இருப்பார். கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், சனிக்கிழமை காலை நமக்கு முன்னால் ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடையில் நிற்பார்.

"எந்த ப்ராசஸர் தம்பி?"

"ரைசன் 5 5600 அண்ணே."

அது 65 வாட் சமாச்சாரம். போதுமான கூலரை ஏஎம்டிகாரனே டப்பாவுக்குள் போட்டுத் தருகிறான். இதைச் சொன்னால் அண்ணன் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். "அதை வீட்ல பேப்பர் பறக்காம வெச்சுக்க."

அவர் உலகத்தில் இரண்டே கட்சி: ஏர், லிக்விட். ஏர் கட்சிக்குத் தலைவர் நாக்டுவா என்.எச்.டி15. ஆஸ்திரியக் கம்பெனிச் சரக்கு, ஃபேன்களோடு 1.3 கிலோ, பழைய சர்க்கார் ஆபீஸ் பீரோவின் நிறம். 165 மி.மீ. உயரம் என்பதால் கேபினெட் கதவு மூடாமல் போகலாம். "கதவு எதுக்கு? காத்து வரட்டும்!" லிக்விட் கட்சியிலோ 240, 360 என்று ரேடியேட்டர் நீளத்தை வைத்தே ஆளை எடைபோடுவார். ஆனால் அண்ணன் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அல்ல. நாம் ஏர் என்றால் அவர் லிக்விட். சரி, லிக்விட் என்று இறங்கி வந்தால், "நடுராத்திரி பம்ப் நின்னுபோச்சுன்னா?" என்று வயிற்றில் புளியைக் கரைப்பார். இவர் தலை தெரிந்ததுமே கடைக்காரர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் பேஸ்ட் பூசுவது தனிச் சடங்கு. பட்டாணி அளவு வைப்பதா, பெருக்கல் குறி போடுவதா என்பதில் சொந்த மச்சானோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியவர்களின் கதைகளும் நிறைய வைத்திருக்கிறார். எல்லாமே பிறத்தியார் செய்தவை என்பார்.

"எந்தக் கொம்பன் கூலரும் ரூம் சூட்டுக்குக் கீழ இறக்காது தம்பி" என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஏர், லிக்விட் இரண்டு கட்சிக்கும் இது மட்டும் முழு உண்மை. சென்னையின் மே மாதத்தில் அறையே 38 டிகிரி என்றால் ரேடியேட்டர் என்ன செய்யும்? எனவே வீட்டின் ஒரே ஏசி கம்ப்யூட்டர் அறையில் ஓடுகிறது. ஹாலில் பனைவிசிறியோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, "அதுக்கு என்னடா, ஜுரமா?" என்று கேட்பதோடு சரி.

ஒருநாள் அபூர்வமாக அவர் கேம் ஆடுவதைப் பார்த்தேன். கண் முழுக்கத் திரையின் மூலையில் ஓடும் டிகிரி எண்ணில்தான். 60, 61, 62. எதிரி நிதானமாகப் பின்னால் வந்து சுட்டுச் சாய்த்தான். அண்ணன் பெருமையோடு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா, சாகும்போதுகூட 62ஐத் தாண்டல!"