கத்திரி வெயிலில் கார்பெட் புல்: பொட்டிப்புரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

புல் எனப்படுவது யாதெனின், பிடுங்கப்படுவது. தேனி மாவட்டத்தில் நெடுங்காலமாக வழங்கிவந்த வரையறை இதுவே. சோளக்காட்டில் முளைத்தால் களை, தென்னந்தோப்பில் முளைத்தால் மாட்டுத்தீவனம், பிள்ளையார் தலையில் இருந்தால் அருகம்புல். நான்காவது வகை கிடையாது. எங்கள் சித்தப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பொட்டிப்புரத்தில் வீடு கட்டி, வாசலில் 20 அடிக்கு 10 அடி இடத்தில் காசு கொடுத்துப் புல் வாங்கிப் பதித்த அன்று இந்த வரையறை உடைந்தது. சித்திரை பிறந்து பத்து நாள். கத்திரி தொடங்க இன்னும் பத்து நாள்.

வண்டியிலிருந்து புல் இறங்குவதை அப்பத்தா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதிக் காட்டுக்குக் களையெடுத்தவர்.

“என்னடா இது?”

“புல்லு ஆத்தா. வாசல்ல போட.”

“எந்த மாட்டுக்கு?”

“மாட்டுக்கு இல்லாத்தா. சும்மா பாக்குறதுக்கு.”

அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை (அப்பத்தா, மௌனம், முதற்பதிப்பு).

2. ஆய்வின் எல்லை

வடக்கே காம்பவுண்டுச் சுவர், தெற்கே செப்டிக் டேங்க், கிழக்கே சிமெண்ட் நடைபாதை, மேற்கே அம்பரப்பர் மலை.

3. சொல்லாய்வு

இப்புல் சதுர அடிக் கணக்கில், செம்மண்ணோடு சேர்த்து வெட்டப்பட்டு விற்கப்படுகிறது. வெட்டிய துண்டுக்குப் பத்தை என்று பெயர். தேங்காய்ப் பத்தை, மாங்காய்ப் பத்தை ஆகியவற்றோடு இச்சொல்லுக்குள்ள உறவு ஈண்டு நோக்கற்பாலது. நோக்கியாயிற்று.

தொல்காப்பிய மரபியல், வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரிக்கிறது. அதன்படி தென்னை புல், பனை புல், மூங்கிலும் புல். கம்பம் பள்ளத்தாக்கின் தென்னந்தோப்பு முழுவதும் இலக்கணப்படி புல்தரை. சித்தப்பா வாங்கியதற்கோ உள்ளேயும் வைரமில்லை, வெளியேயும் வைரமில்லை. ஆகவே அது மரமும் அன்று, புல்லும் அன்று. காசு கொடுத்து வாங்கிய அப்பொருள் என்ன என்பது பற்றி உரையாசிரியர்கள் வாய் திறக்கவில்லை. நர்சரிக்காரர் அதைக் ‘கார்பெட்டு’ என்றார். உரையாசிரியர்களைவிட நர்சரிக்காரர் தெளிவாக இருக்கும் இடங்கள் தமிழில் பல உண்டு.

4. தண்ணீர்

பதித்த அரைமணி நேரத்துக்குள் முதல் தண்ணீர் போக வேண்டும். பத்தைக்கு ஆழமாக வேர் கிடையாது, வெட்டும்போதே போய்விட்டது. மிச்சமிருப்பது ஓர் அங்குல மண்ணும் அதற்குள் அறுபட்ட நுனிகளும். கீழே இருக்கும் நிலமும் நாலு அங்குலத்துக்கு நனைந்திருந்தால்தான் புதுவேர் கீழே இறங்கும். மேலே மட்டும் தெளித்தால் வேர் மேலேயே நின்று தண்ணீருக்குக் காத்திருக்கும்.

200 சதுர அடியில் அரை அங்குலம் தண்ணீர் நிற்க ஏறத்தாழ 236 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் கிட்டத்தட்ட பதினாறு குடம். ஜல் ஜீவன் திட்டக் கணக்கில் கிராமத்து மனிதர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஆக இப்புல்தரை நான்கு பேருக்கு மேல் குடிக்கிறது. ரேஷன் கார்டில் இதைக் குடும்ப உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று சித்தி கேட்டார் (சித்தி, வாய்மொழி, பன்னிரண்டாம் குடத்தை இறக்கிவைத்துவிட்டு).

முல்லைப் பெரியாற்று அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்பதை கிரிக்கெட் ஸ்கோர் போல விசாரிக்கும் ஊர்கள் இவை. 142 அடி என்றால் கடைசி ஓவரில் ஜெயித்த மாதிரி. இந்த மேட்டுப் பக்கத்துக்குப் பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் வந்தாலும் வரும், வராவிட்டாலும் இல்லை, மற்றபடி போர்வெல்தான். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் காலையில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைத் தெருவே நின்று பார்க்கும். “அண்ணே, எத்தன மாசத்துல அறுப்பு?” என்று கேட்டவர் ஒருவர் அல்லர். எதிர்வீட்டு மாமா ஓரங்கள் காய்வதைக் கண்டுபிடித்துச் சொன்னார் (மேலது, மொட்டை மாடியிலிருந்து சொன்னதால்).

அவர் சொன்னது சரி. சிமெண்ட் நடைபாதையை ஒட்டிய பத்தைகள்தான் முதலில் வெந்தன. பகல் முழுக்கக் காய்ந்த சிமெண்ட் ராத்திரி பத்து மணிக்கும் காலைச் சுடுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் புல்லின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. பத்தைகளுக்கு இடையில் விட்ட சந்துகளிலும் காற்று புகுந்து வேரை உலர்த்தும். மணலும் மண்ணும் மக்கிய எருவும் கலந்து அடைக்க வேண்டும். செங்கல் சுவர்போல மூட்டுகள் ஒன்றுக்கொன்று மாறி வரவேண்டும் என்பதைக் கொத்தனார் ஒருவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். அதற்குள் நாங்கள் எல்லா மூட்டுகளையும் தேர் வடம்போல நேராக விட்டிருந்தோம்.

5. நேரம்

விடியற்காலை.

6. வெள்ளாடு

இது தனி நூலாக எழுதப்பட வேண்டியது, குறிப்பெடுப்பதற்குள் தின்றுவிட்டது.

7. முனை தூக்குதல்

இவ்வாய்வின் உயிர்ப்பகுதி இதுவே.

புதுப்புல் வேர் பிடித்ததா என்று அறிய உலகெங்கும் ஒரே சோதனைதான். பத்தையின் முனையைப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். தூக்கினால் வந்தால் வேர் பிடிக்கவில்லை, வராவிட்டால் பிடித்துவிட்டது. இரண்டு வாரத்தில் பிடிக்கும் என்று நர்சரிக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார். சோதனை எளிது, மலிவானது, யாரும் செய்யலாம். யாரும் செய்தார்கள் என்பதுதான் சிக்கல்.

மூன்றாம் நாள் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு முனையைத் தூக்கிப் பார்த்தார். “இன்னும் புடிக்கல” என்றார். ஐந்தாம் நாள் கரண்டுக்கு ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்க்குமுன் முனையைப் பார்த்தார். ஆறாம் நாள் சின்னமனூரிலிருந்து பத்திரிகை வைக்க வந்த சம்பந்தி வீட்டார் ஆளுக்கொரு முனையாகத் தூக்கினார்கள், தாம்பூலத் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டே. ஏழாம் நாள் கேபிள்காரத் தம்பி தூக்கிப் பார்த்துவிட்டுக் கம்பத்தில் ஏறி அங்கிருந்து முடிவை அறிவித்தான் (வாய்மொழி, மேலிருந்து கீழாக, காற்றின் காரணமாக இரு பாடங்கள் நிலவுகின்றன: ‘வேர் விட்டுருச்சு’, ‘வேற விட்டுருச்சு’, முன்னதே மூலபாடம் என்பார் சித்தி, பின்னதே பழைய பாடம் என்பார் சித்தப்பா, இரண்டும் இடைச்செருகல் என்பார் மாடி மாமா, முதலிருவரும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை).

இதில் கண்டடையப்பட்ட உண்மை வருமாறு. அறுபட்ட நுனியிலிருந்து நூல்போல வெள்ளை வேர் ஒன்று கீழ்மண்ணில் நுழையும் நேரத்தில் ஒருவர் முனையைத் தூக்குகிறார். வேர் அறுகிறது. அவர் “இன்னும் புடிக்கல” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போகிறார். நாளைக்கு இன்னொருவர். ஆக வேர் பிடிக்கவில்லை என்று கண்டுபிடிப்பவரே வேர் பிடிக்காமைக்குக் காரணம். இப்படி முனையைத் தூக்கிப் பார்த்துக் கருத்துச் சொல்பவருக்கு ஒரு கலைச்சொல் தேவைப்பட்டது. முனைவர் என்று வைத்தோம். இச்சொல் வேறு பொருளிலும் பல்கலைக்கழக வட்டாரங்களில் வழங்குவதாகக் கேள்வி. ஆழமாக ஊன்றி நிற்கும் சொல் ஒன்றைக் கண்டால் அதன் வேர் எந்த மொழியில் என்று பிடுங்கிப் பார்த்து, வாடிய பிறகு கட்டுரை வாசிப்பவர்களையும் அது குறிக்குமாம். தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை.

கேம்பிரிட்ஜின் பல கல்லூரிகளில் புல்லை மிதிக்கும் உரிமை ஃபெல்லோக்களுக்கு மட்டும்தான். வர்ஜீனியா உல்ஃப் 1929இல் வெளியிட்ட நூலில், கற்பனையான ஆக்ஸ்பிரிட்ஜில் புல்மேல் நடந்த பெண்ணை ஒரு காவலர் விரட்டிவிடுகிறார். அங்கே படித்தவர்கள் மேலே நடப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம்மிடம் அடியையும் பார்த்துவிடும் வழக்கம் உண்டு.

இங்கே பொட்டிப்புரத்தின் இன்னொரு சிறப்பைச் சொல்லியாக வேண்டும். நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மேற்கே நிற்கும் அம்பரப்பர் மலையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை, உள்ளே 50,000 டன் இரும்பில் ஒரு கருவி என்பது திட்டம். பிறகு போராட்டம், வழக்கு, தீர்ப்பாயம். மலை மலையாகவே நிற்கிறது. நியூட்ரினோ அநேகமாக எதிலும் முட்டாது, எதையும் தொடாது, பூமியின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். அதனால்தான் அதைப் பிடிக்க அவ்வளவு இரும்பு. சூரியனிலிருந்து மட்டும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு நொடிக்கு சுமார் 6,500 கோடி நியூட்ரினோ வருகிறது. எங்கள் வாசல் புல்லின் வழியாகவும்தான் போகிறது, ராத்திரி பகல் பாராமல். பொட்டிப்புரத்துக்கு வந்துபோகிறவர்களில் முனையைத் தூக்கிப் பார்க்காமல் போவது அது ஒன்றுதான்.

8. பிற நோய்கள்

புல் நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்துக்கு மாறினால் தாகம். மிதித்த காலடி நிமிராமல் அப்படியே கிடந்தாலும் தாகம். உச்சிவெயிலில் சூடு தணிய லேசாகத் தெளிக்கலாம், பாய்ச்சக் கூடாது. அந்தியில் பாய்ச்சி ராத்திரி முழுக்க ஈரமாக விட்டால் பூஞ்சை. பச்சை வரவில்லையே என்று யூரியாவை அள்ளிப் போட்டால் ஒரே நாளில் பொன்னிறம் வரும். சித்தப்பா போட்டார். வந்தது. பால்காரர், “அறுப்புக்கு வந்துருச்சுண்ணே” என்றார்.

9. கள ஆய்வு

கத்திரி பிறந்த கையோடு வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா வந்தது. எட்டு நாள். சித்தப்பா குடும்பமும் பால்காரரும் மாடி மாமாவும் கேபிள்காரத் தம்பியும் அக்கினிச்சட்டி, ராட்டினம், முல்லையாற்றுக் குளியல் என்று போய்விட்டார்கள். தெருவில் ஆளில்லை. ஆடுகளைக்கூட யாரோ பட்டியில் அடைத்திருந்தார்கள். இவ்வாய்வாளர் மட்டும் தண்ணீர் பாய்ச்ச நிறுத்தப்பட்டார்.

விடிவதற்கு முன் ஹோஸைத் திருகினால் போதும், மண் முதலில் சூடாக ஒரு மூச்சு விடும். பிறகு ஈரம் இறங்கும் சத்தம், காதைக் குனிந்து வைத்தால்தான் கேட்கும், கருப்பட்டிக் காப்பி உறிஞ்சுவதுபோல. நான்காம் நாள் ஓரங்களில் ஊசி ஊசியாகப் பச்சை நின்றது. ஆறாம் நாள் பத்தைக்கும் பத்தைக்கும் நடுவில் இருந்த கோடு மங்கியது. கை பலமுறை முனையை நோக்கிப் போயிற்று. இடுப்பு வேட்டியை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

திருவிழா முடிந்து வேன் வந்து நின்றது. பொரிப்பொட்டலமும் பலூனுமாக எல்லோரும் இறங்கினார்கள். வேர் பிடித்துவிட்டது என்று அறிவித்தேன்.

“தூக்கிப் பாத்தியா?” என்றார் சித்தப்பா.

“இல்ல.”

“தூக்கிப் பாக்காம எப்படிடா தெரியும்?”

பதில் சொல்வதற்குள் அப்பத்தா மடியில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிவிட்டு வாசலில் குத்தவைத்தார். இரண்டு கையாலும் முனையைப் பிடித்தார். களைக்குப் பழகிய கை, ஒரே இழுப்பு. பத்தை ஒரு முழத்துக்கு உரிந்து வந்தது, அடியில் அங்குல நீளத்துக்கு வெள்ளை வேர்கள் செம்மண் உருண்டைகளோடு தொங்க. திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“புடிச்சிருக்குடா” என்றார் (அப்பத்தா, திருத்திய இரண்டாம் பதிப்பு, வெற்றிலை காரணமாக ஒரு சொல் சிதைவு). பிறகு பத்தையைப் பழைய இடத்தில் விரித்து, குதிகாலால் நாலு தட்டுத் தட்டினார்.

“இப்பத் தண்ணி ஊத்து.”