ஒடித்து நட்டால் துளிர்க்கும்

கேள்வி: உடைந்த பவளப்பாறை மறுபடி வளருமா, சார்? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: வளரும். முருங்கைக் கொம்பு நடுகிற கதைதான்! மான்கொம்புப் பவளத்தில் விரல் நீளத் துண்டை எடுத்து, சிமென்ட் பலகையில் நைலான் கயிற்றால் கட்டிக் கடலடியில் வைத்தால், ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளும். மன்னார் வளைகுடாவில் 2002 முதல் இப்படி நட்டு வருகிறார்கள். அதே இடத்தில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புச் சூளைக்கு அனுப்பிய காலமும் உண்டு. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் மூழ்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2001-ல் புலியோடு ஒரே பட்டியலில் பவளத்தையும் சேர்த்துச் சட்டம் காப்பாற்றியது. கோடாலி நின்றது, கொதிப்பு நிற்கவில்லை. 2016 கோடையில் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன, பல செத்தன. சூடு தணியாமல் எத்தனை கொம்பு நட்டாலும், அது அடுப்பின்மேல் நாற்று நடுவதுதான்!