மூன்றே நொடியில் ரிக்டர்: அடுக்குமாடிவாசிகளுக்கு ஒரு கையேடு

பெங்களூரில் நிலநடுக்கத்தை அளக்கக் கருவி வேண்டாம். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இடமிருந்தால் போதும். ‘டமார்’ என்று கேட்டதும் ஜன்னலைப் பாருங்கள். கண்ணாடி அதிர்ந்தால் 4.5 என்று தட்டிவிடுங்கள். புள்ளி கட்டாயம், வெறும் ‘நாலு’ என்றால் எவரும் நம்ப மாட்டார்கள். தண்ணீர் கேன் தளும்பினால் அரை கூட்டுங்கள். எட்டாவது மாடிக்காரர் ஐந்துக்குக் கீழே இறங்குவது கௌரவக் குறைச்சல். பக்கத்து மனையில் போர்வெல் போடுகிறார்களா என்று எட்டிப் பார்ப்பதற்குள் வேறொருவர் முந்திக்கொள்வார்.

2020 மே 20 மதியம் ஒரு ‘டமார்’ கேட்டு ஊரே இப்படித்தான் கணக்குப் போட்டது. மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமோ, தன் கருவிகளில் நில அதிர்வே பதிவாகவில்லை என்றது. ஒலியை மிஞ்சிப் பறந்த விமானப்படை விமானம் 36,000 அடிக்கும் 40,000 அடிக்கும் இடையே வேகம் குறைத்தபோது எழுந்த சத்தம் என்று பாதுகாப்புத் துறை விளக்கியது. அதற்காகத் தளர வேண்டாம். “எதையோ மறைக்கிறார்கள்” என்று ஒரு வரி போட்டால் உங்கள் 4.5 பிழைத்துக்கொள்ளும்.

விஞ்ஞானிகள் ஏனோ சிரமப்படுகிறார்கள். முதலில் வரும் பி அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். கட்டடத்தை உலுக்கும் எஸ் அலை சுமார் மூன்றரைதான். இந்த இடைவெளிதான் எச்சரிக்கைக்குக் கிடைக்கும் அவகாசம். அதனால் பி அலையின் முதல் மூன்று நொடியிலேயே, தரை எவ்வளவு நகர்ந்தது, அசைவு படபடக்கிறதா, நிதானமாக வருகிறதா என்று பார்த்து அளவை ஊகிக்கிறார்கள். நிதானமாக வந்தால்தான் பயப்பட வேண்டும். பெரிய நடுக்கத்தின் குணம் அது. ஆனால் மகா நடுக்கத்தில் பிளவு பல நிமிடம் கிழிந்துகொண்டே போகும். மூன்று நொடிக்கு அதன் முடிவு எப்படித் தெரியும்? 2011 மார்ச் 11 அன்று ஜப்பான் வானிலை முகமை மூன்று நிமிடத்தில் 7.9 என்றது, கடைசியில் 9.0. ஓர் எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு என்பதால் இது சின்னத் திருத்தமில்லை. அவர்கள் வெளிப்படையாகத் திருத்தினார்கள். அந்தக் கெட்ட பழக்கம் நமக்கு வேண்டாம்.

2023 செப்டம்பரில் கூகுள் தன் ஆண்ட்ராய்டு எச்சரிக்கையை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. சார்ஜில் அசையாமல் கிடக்கும் போன்கள்தான் அதற்கு அதிர்வுமானி. எண் தட்ட நீங்கள் போனைக் கையில் எடுத்த நொடியில் ஒரு கருவி குறைகிறது.

நிஜமாகவே தரை ஆடினால் மேசைக்கு அடியில் போய்த் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். எண்ணை மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம்.