அமைதி மண்டலப் பலகைக்கு நன்றி

அனுப்புநர்: ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு ஆசிரியை
பெறுநர்: எங்கள் பள்ளி வாசலில் பலகை நட்ட அதிகாரி அவர்கள்
பொருள்: பலகைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

‘அமைதி மண்டலம், ஒலி எழுப்பாதீர்’ என்று தாங்கள் வைத்த பலகை நலம். அது தொங்கும் கம்பத்தில்தான் போன வாரம் காதுகுத்து விழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார்கள். விழா ஒரு குழந்தைக்கு. குத்தியது ஊரார் காதையெல்லாம். பஸ் டிரைவர்களும் பலகையைப் படிக்கிறார்கள் போலிருக்கிறது. சரியாக அந்த இடம் வந்ததும்தான் ஏர் ஹாரனை அழுத்துகிறார்கள்.

2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி அமைதி மண்டலத்தில் பகலுக்கு 50 டெசிபல்தான் உச்சம். வகுப்பறைக்குள் 35-ஐத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லிவிட்டது. அளக்க எங்களிடம் கருவி கிடையாது. என் தொண்டைதான் கருவி. திங்களன்று கணீரென்று இருக்கும், புதனன்று கட்டிவிடும்.

எங்கள் ஹாலை ஒரு தட்டி இரண்டாக்குகிறது. அந்தப் பக்கம் வாய்ப்பாடு, இந்தப் பக்கம் நான் நடத்தும் மொகலாயர் வரலாறு. “அக்பரின் தந்தை யார்?” என்றேன். “ஏழெட்டு ஐம்பத்தாறு” என்றான் ஒருவன். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காதில் விழுந்ததைத்தானே சொன்னான்!

இந்த மண்டலத்தில் சட்டத்தை மதிப்பவர்கள் குழந்தைகள் மட்டுமே. பேசினால் லீடர் கரும்பலகையில் பெயர் எழுதுவான். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மேலதிகாரி வரும் நாளில் எல்லோரும் வாய்மேல் விரல். ‘பின் டிராப் சைலன்ஸ்’ என்று மெச்சிவிட்டுப் போவார். கடைசி பெஞ்சில் ஒரு பெண், காதில் சீழ் வடியும். எதைக் கேட்டாலும் “புரிஞ்சுது டீச்சர்” என்பாள். அவள் பெயர் கரும்பலகையில் ஏறியதே இல்லை. அமைதியான பிள்ளை என்று மூன்று வருடமாகப் பாராட்டி வருகிறோம்.

குழாயை இறக்கச் சொல்லித் தங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். கட்ட அனுமதி தந்ததே தங்கள் அலுவலகம்தான் என்று கேள்வி. அந்தப் பலகையை மட்டும் கழற்றித் தந்துவிடுங்கள். நல்ல கனமான தகடு. தட்டியின் நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறது, அளவு சரியாக வரும். எட்டாம் வாய்ப்பாடாவது அந்தப் பக்கமே நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(குரல் கட்டியிருப்பதால் எழுத்தில்)